காரின் டிஃபரன்ஷியலை எல்எஸ்டியாக மாற்றப் போகிறீர்களா? சிங்கப்பூரில் முதல் தடவை செய்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மலேசியாவின் செப்பாங் பந்தயத் தடத்தில் மொத்தம் 15 வளைவுகள். கடைசி வளைவு இடப்பக்கமாகத் திரும்பும் கொண்டை ஊசி. அங்கே இரண்டாம் கியரில் திரும்பி ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால், என் டொயோட்டா 86-இன் இடப்பக்கப் பின்சக்கரம் மட்டும் கீச்சிட்டுக்கொண்டு சுற்றும். எஞ்சின் சத்தம் ஏறும், வேகம் ஏறாது. அடுத்து வருவது நீளமான நேர்ச்சாலை. வளைவில் விட்ட வேகத்தை அந்த நேர்ச்சாலை முழுக்கத் தேடிக்கொண்டே போக வேண்டியிருக்கும்.

அதைச் சரிசெய்யத்தான் எஞ்சின் விசையை இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலில் (சுருக்கமாக டிஃப்) கைவைத்து, எல்எஸ்டி, அதாவது ஒரு சக்கரம் மட்டும் சும்மா சுற்றுவதைக் கட்டுப்படுத்தும் ‘லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல்’ போட்டேன். முதல் தடவை தப்பாகப் போனது, இரண்டாம் தடவை சரியாக வந்தது. அதற்குப் பிறகு எல்எஸ்டி பற்றி என்னிடம் கேட்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் துண்டு துண்டாகப் பதில் சொல்லி வந்தேன். இங்கே அதை ஒழுங்காக எழுதுகிறேன். பெட்டியில் வரும் எல்எஸ்டியை விட, அதைப் பொருத்துகிற கைதான் முக்கியம். இந்தக் கட்டுரையில் பாதி அதைப் பற்றித்தான்.

டிஃப் செய்யும் வேலை

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பலமாடி கார் நிறுத்துமிடத்தின் சுழல்பாதையில் ஏறுவதை நினைத்துக்கொள்ளுங்கள். பின்சக்கரங்கள் இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் இடைவெளி. ஒரு முழுச் சுற்று சுற்றி மேலே போவதற்குள் வெளிப்பக்கச் சக்கரம் உள்பக்கச் சக்கரத்தை விட ஒன்பது மீட்டருக்கு மேல் கூடுதலாக ஓடியிருக்கும். சுழல்பாதை பெரிதோ சிறிதோ, இந்தக் கணக்கு மாறாது. இரண்டு சக்கரமும் ஒரே அச்சில் இறுகியிருந்தால் ஏதாவது ஒன்று தரையில் தேய்ந்துகொண்டேதான் வர வேண்டும். அதைத் தவிர்க்கத்தான் டிஃபரன்ஷியல்: இரண்டு சக்கரத்தையும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடுகிறது.

சாதாரண டிஃப், அதாவது ஓப்பன் டிஃப், இரண்டு பக்கமும் எப்போதும் ஒரே அளவு விசையைத்தான் அனுப்பும். வளைவில் காரின் எடை வெளிப்பக்கம் சாய, உள்பக்கச் சக்கரம் லேசாகிவிடும். லேசான சக்கரம் எவ்வளவு விசையைத் தாங்குமோ அவ்வளவுதான் மறுபக்கமும் போகும். மீதியெல்லாம் அந்தச் சக்கரத்தைச் சும்மா சுற்றிவிடுவதில் கரைந்துபோகும். எல்எஸ்டி இந்தக் கட்டை அவிழ்க்கிறது. சுற்றும் சக்கரத்தைப் பிடித்து, பிடிமானம் உள்ள சக்கரத்துக்கு விசையைத் தள்ளுகிறது.

இதைச் செய்ய இரண்டு முக்கிய வழிகள் உண்டு. முதலாவது கியர் வகை. டார்சன், குவைஃப் எல்லாம் இந்தக் குடும்பம். டார்சன் என்ற பெயரே ‘டார்க் சென்சிங்’ என்பதன் சுருக்கம். அமெரிக்கரான வெர்னன் கிளீஸ்மன் 1958-இல் காப்புரிமை பெற்ற அமைப்பிலிருந்து வந்தது. உள்ளே சாய்ந்த பற்கள் கொண்ட கியர்கள் ஒன்றையொன்று நெருக்குவதால் பிடிப்பு உண்டாகும். சத்தமில்லை, தேய்மானம் மிகக் குறைவு, மழையில் ஓட்ட இதமானது. ஒரு குறை உண்டு. இது பெருக்கல் கணக்கில் வேலை செய்கிறது. விகிதம் இரண்டரை என்று வைத்துக்கொண்டால், பலவீனமான சக்கரம் தாங்குவதைப்போல இரண்டரை மடங்கு வரை மறுபக்கம் போகும். அந்தச் சக்கரம் தரையை விட்டே தூக்கிவிட்டால்? பூஜ்யத்தை எதனால் பெருக்கினாலும் பூஜ்யம். கியர் வகை டிஃபோடு வந்த என் கார் செப்பாங்கில் மாட்டிக்கொண்டது இந்தக் கணக்கில்தான்.

இரண்டாவது தகட்டு வகை. கிளட்ச்சில் இருப்பதுபோல வரிசையாகத் தகடுகள். ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் உள்ளே இருக்கும் சாய்வுகள் விரிந்து தகடுகளை இறுக்கும். குஸ்கோ, ஓஎஸ் கிக்கென், ஏடிஎஸ் போன்ற ஜப்பானியப் பெயர்கள் இதில் பிரபலம். சக்கரம் தூக்கினாலும் தொடக்க இறுக்கம் கொஞ்சம் இருப்பதால் மறுபக்கம் விசை போய்க்கொண்டிருக்கும். பதிலுக்கு இது தேயும், சத்தம் போடும், ஆயில் அடிக்கடி கேட்கும்.

தகட்டு வகையில் 1-வே, 1.5-வே, 2-வே என்று மூன்று சொல்வார்கள். ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது மட்டும் இறுகினால் 1-வே. மிதித்தாலும் விட்டாலும் ஒரே அளவு இறுகினால் 2-வே. மிதிக்கும்போது முழுதாகவும் விடும்போது கொஞ்சமாகவும் இறுகினால் 1.5-வே. டிரிஃப்ட் ஆசை உள்ளவர்கள் 2-வே தேடுவார்கள். முன்சக்கர இயக்கத்துக்கு 1-வே போதும், அதுவே நல்லது. தடத்தில் ஓட்டிவிட்டு மறுநாள் அதே காரில் வேலைக்குப் போகும் பின்சக்கர இயக்கக்காரருக்கு 1.5-வே என்பது என் தேர்வு. பிரேக் போட்டு வளைவுக்குள் நுழையும்போது பின்பக்கம் ஆடாமல் வரும். அதே நேரம் 2-வே போல முன்பக்கத்தை நேராகத் தள்ளவும் செய்யாது.

தேவையா என்று முதலில் பாருங்கள்

நகரத்துக்குள் மட்டும் ஓட்டுபவர், மழையில் பள்ளிக்குப் பிள்ளைகளை விடப் போகிறவர், தகட்டு எல்எஸ்டி போட வேண்டாம். இதை உறுதியாகச் சொல்கிறேன். நம் விரைவுச்சாலைகளில் உச்ச வேகமே 90 கிலோமீட்டர். 1961 முதல் 1973 வரை அப்பர் தாம்சன் சாலையிலேயே கிராண்ட் பிரீ ஓட்டிய ஊர் இது. இன்று நமக்கென்று நிரந்தரத் தடம் கிடையாது. மரினா பே தடம் பந்தயக் காலத்தில் மட்டும் அடைத்து விடும் பொதுச்சாலை. தகட்டு எல்எஸ்டியின் பலனை நேர்மையாக அனுபவிக்க நீங்கள் எல்லை தாண்டிப் போக வேண்டும். வருடத்துக்கு இரண்டு மூன்று தடவையாவது போவீர்கள் என்றால் யோசியுங்கள்.

அப்படிப் போகிறவரும் டயரையும் பிரேக் பேடையும் முதலில் மாற்றுங்கள். பிடிமானம் இல்லாத டயரை எந்த டிஃபும் காப்பாற்றாது.

இப்போது உங்கள் காரில் என்ன இருக்கிறது என்பதும் தெரிய வேண்டும். டொயோட்டா 86, சுபாரு பிஆர்இசட் கார்களில் பலவற்றில் கியர் வகை ஏற்கெனவே இருக்கும். ஹோண்டா சிவிக் டைப் ஆர் கார்களிலும் அப்படியே. சுஸுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டில் ஓப்பன்தான். பட்டறையில் காரை லிஃப்டில் ஏற்றி, இயக்கும் சக்கரங்கள் இரண்டும் தொங்கும்போது, நியூட்ரலில் ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். மறுபக்கச் சக்கரமும் அதே திசையில் சுற்றினால் உள்ளே தகடோ வேறு ஏதோ இறுக்கமோ இருக்கிறது. எதிர்த்திசையில் சுற்றினால் ஓப்பன் என்று உடனே முடிவு கட்டாதீர்கள். கியர் வகையும் பெரும்பாலும் அப்படித்தான் சுற்றும். காரின் மாடல் எண்ணை வைத்து உதிரிப்பாகப் பட்டியலில் சரிபார்ப்பதுதான் நிச்சயமான வழி.

சில புதிய கார்களில் மின்னணு முறை ஒன்று உண்டு. சுற்றும் சக்கரத்தைப் பிரேக் போட்டுப் பிடிக்கும். சாலைக்கு அது நன்றாகவே இருக்கிறது. தடத்தில் பத்துச் சுற்று ஓட்டினால் பிரேக் சூடாகிவிடும்.

காகிதவேலை

இதைத் தள்ளிப்போடாதீர்கள். நிலப் போக்குவரத்து ஆணையம் வாகன மாற்றங்களை மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறது: அனுமதியே இல்லாதவை, முன் அனுமதி வேண்டியவை, அனுமதி தேவைப்படாதவை. பாகத்தை வாங்குவதற்கு முன்பே காரின் மாடல், எல்எஸ்டியின் பெயர், பாக எண் எல்லாவற்றையும் குறிப்பிட்டு ஆணையத்துக்கு எழுதிக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ‘எல்லாரும் போடுறாங்க, ஒண்ணும் ஆகாது’ என்று பட்டறையில் சொல்வதை நம்பிப் போகாதீர்கள். மூன்று வயது தாண்டிய கார் இரண்டு வருடத்துக்கு ஒரு முறையும் பத்து வயது தாண்டியது ஒவ்வொரு வருடமும் சோதனைக்குப் போகிறது. அந்தக் கடிதம் கையுறைப் பெட்டியில் இருந்தால் நிம்மதி.

அப்புறம் காப்புறுதி. மாற்றத்தை உங்கள் காப்புறுதி நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள். சொல்லாமல் விட்டால், பிறகு சம்பந்தமே இல்லாத விபத்தில்கூட இழப்பீட்டுக்கு இழுபறி வரலாம். தடத்தில் நடக்கும் எதையும் சாதாரணக் காப்புறுதி ஏற்காது என்பதையும் மனதில் வையுங்கள். கார் இன்னும் விற்பனை முகவரின் உத்தரவாதத்தில் இருந்தால், அது முடியும் வரை பொறுப்பது நல்லது.

என்னென்ன வாங்க வேண்டும்

எல்எஸ்டி மட்டும் வாங்கினால் வேலை பாதியில் நிற்கும். கூடவே புதிய சைடு பேரிங் இரண்டு, டிஃபிலிருந்து சக்கரத்துக்குப் போகும் டிரைவ் ஷாஃப்ட் நுழையும் இடத்துக்கு ஆயில் சீல் இரண்டு, பினியன் (எஞ்சின் சுழற்சியை டிஃபுக்குள் கொண்டுவரும் சின்னக் கியர்) சீல் ஒன்று, ஷாஃப்ட் முனையில் இருக்கும் சின்ன வளையங்கள், கிரவுன் வீல் (பினியனோடு கடித்துச் சுற்றும் பெரிய வளையக் கியர்) போல்ட்டுகள், பின்மூடிக்கான சீலன்ட், கியர் ஆயில் இரண்டு தடவைக்குப் போதுமான அளவு. பழைய பேரிங்கைக் கழற்றி மறுபடி போடுவது பொய்ச் சிக்கனம். ஆயிரம் வெள்ளிக்கு மேல் கொடுத்து எல்எஸ்டி வாங்கிவிட்டு பேரிங்கில் மிச்சம் பிடிக்கக் கூடாது.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் 9 விழுக்காடு பொருள் சேவை வரியையும் கணக்கில் சேருங்கள். நமக்கும் ஜப்பானுக்கும் வலப்பக்க ஸ்டீயரிங் என்பதால் அங்கே விற்கும் பாகங்கள் பெரும்பாலும் நேராகப் பொருந்தும். ஆனாலும் ஆட்டோவா மேனுவலா, எந்த வருட மாடல் என்று விற்பவரிடம் ஒருமுறைக்கு இரண்டுமுறை உறுதிசெய்யுங்கள்.

இதில் நம் ஊருக்கே உரிய ஒரு வசதி இருக்கிறது. கார் வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழின் பத்து வருடம் முடிந்ததும் நல்ல நிலையில் உள்ள கார்கள் கழிவுக்குப் போகின்றன. அதனால் குறைவாக ஓடிய டிஃப், கூட்டோடு சேர்த்து, பழைய பாகக் கடைகளில் கிடைக்கும். ஒன்றை முழுதாக வாங்கி, மேசையில் வைத்து அதற்குள் எல்எஸ்டியைப் பொருத்தி, எல்லாம் சரியான பிறகு காரில் மாட்டுங்கள். காரோடு வந்த டிஃபைத் தொடவே வேண்டாம். மெக்கானிக்கும் அவசரப்பட மாட்டார், கார் நாட்கணக்கில் லிஃப்டில் நிற்காது, எதாவது தப்பானால் பழையதை மாட்டி மறுநாளே ஓட்டலாம். எனக்கு இதை முதலிலேயே யாரும் சொல்லவில்லை.

முன்சக்கர இயக்கக் காருக்கு இந்த வழி அவ்வளவு எளிதல்ல. அங்கே டிஃப் கியர்பாக்ஸுக்குள்ளேயே இருக்கும். கியர்பாக்ஸை இறக்கிப் பிரித்தாக வேண்டும். கூலி அதிகம். அப்படி இறக்கும்போது கிளட்ச்சையும் பார்த்து, தேவைப்பட்டால் அப்போதே மாற்றிவிடுங்கள். ஒரே கூலியில் இரண்டு வேலை.

‘திறந்ததுதான் திறந்தோம், ஃபைனல் கியரையும் மாற்றலாமே’ என்று தோன்றும். முதல் தடவையில் வேண்டாம். ஃபைனல் கியர் என்பது கிரவுன், பினியன் ஜோடி. பினியனும் மாறினால் அதன் ஆழத்தைப் புதிதாக அளந்து அமைக்க வேண்டும், வேலை இரட்டிப்பாகும். கார் ஓட்டம் மாறியது எதனால் என்றும் உங்களுக்குத் தெரியாமல் போகும்.

பட்டறையிடம் கேட்க வேண்டிய கேள்வி

முதல் தடவை நான் போன இடத்தில் காலையில் விட்டு மாலையில் கார் கிடைத்தது. விலையும் குறைவு. ரொம்ப சந்தோஷமாகத் தீவு விரைவுச்சாலையில் ஏறினேன். எழுபதைத் தாண்டி ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் பின்னாலிருந்து ‘உய்ங்’ என்று ஒரு மெல்லிய ஊளை. மறுபடி மிதித்தால் அடங்கும், விட்டால் வரும். திரும்பப் போய்க் கேட்டேன். ‘எல்எஸ்டின்னா அப்படித்தான் இருக்கும், பழகிடும்’ என்றார்கள். நானும் நம்பி இரண்டாயிரம் கிலோமீட்டர் ஓட்டினேன்.

தகட்டு எல்எஸ்டி சத்தம் போடும்தான். அது மெதுவாகத் திரும்பும்போது வரும் ‘டக் டக்’. நேராக ஓடும்போது, வேகத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும் ஊளை எல்எஸ்டியின் சத்தம் கிடையாது. அது கிரவுனும் பினியனும் சரியாகக் கடிக்காத சத்தம். இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொண்டாலே பாதி ஏமாற்றத்தைத் தவிர்க்கலாம்.

பிறகு காக்கி புக்கிட்டில் வயதான தமிழ் மெக்கானிக் ஒருவரிடம் கொண்டுபோனேன். கூட்டைத் திறந்து, கிரவுன் வீலைக் கையால் மெல்ல முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தவர், நுண்ணிய அசைவை அளக்கும் டயல் கேஜைக்கூட எடுக்கவில்லை.

“தம்பி, இதுல ஷிம் மாத்தவே இல்லயே. பழைய ஷிம்மையே அப்படியே வச்சு மூடிட்டாங்க.”

“அதனால என்னண்ணே ஆகும்?”

“பல்லப் பாருங்க, ஓரத்துல மட்டும் பளபளன்னு இருக்கு பாருங்க. நடுவுல படவே இல்ல. இனி இத என்ன செஞ்சாலும் சத்தம் போகாது.”

ஷிம் என்பது கிரவுன் நிற்கும் இடத்தை அமைக்க இரண்டு பக்கமும் வைக்கும் மெல்லிய வளையம். அதை மாற்றாததால் கிரவுனையும் பினியனையும் தூக்கிப்போட வேண்டியதாயிற்று. அப்போதுதான் பழைய பாகக் கடையில் இன்னொரு டிஃப் வாங்கினேன்.

ஆகவே பட்டறைக்குப் போனதும் விலையைக் கேட்காதீர்கள். ‘பேக்லாஷ் எவ்வளவு வைப்பீர்கள், ஷிம் உங்களிடம் இருக்கிறதா, பல் பதிவைப் படம் எடுத்துத் தருவீர்களா’ என்று கேளுங்கள். பேக்லாஷ், பல் பதிவு என்றால் என்ன என்று கீழே சொல்கிறேன். இந்த மூன்றுக்கும் யோசிக்காமல் பதில் சொல்கிறவர் கையில் கொடுங்கள். சின் மிங், காக்கி புக்கிட், ஊபி பக்கம் நூறு பட்டறைகள் இருக்கலாம். எண்ணெய் மாற்றுகிற எல்லாரும் டிஃப் கட்டுகிறவர்கள் அல்லர்.

பொருத்தும் வேலை, அருகிலிருந்து

இந்த வேலையை நீங்களே செய்யச் சொல்லவில்லை. அழுத்தப் பொறியும் அளவுக் கருவிகளும் வேண்டும். வீவக கார் நிறுத்துமிடத்தில் செய்கிற காரியமும் இல்லை. ஆனால் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் சரியாக நடக்கிறதா என்று பார்க்க முடியும்.

காரிலிருந்து டிஃபை இறக்கும் முன் ஆயிலை வடிக்க வேண்டும். வடிக்கும் போல்ட்டைத் திறப்பதற்கு முன் நிரப்பும் போல்ட் திறக்கிறதா என்று பாருங்கள். வடித்துவிட்டு, நிரப்பும் போல்ட் துருப்பிடித்துத் திறக்காமல் நின்றால் கார் அங்கேயே கிடக்க வேண்டியதுதான். அப்புறம் கியர்பாக்ஸையும் டிஃபையும் இணைக்கும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றும்போது இரண்டு பக்கமும் பெயின்ட்டால் குறி போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். அதே நிலையில் திரும்ப மாட்டினால் அதிர்வு வராது.

டிஃபைப் பிரித்ததும் பழைய பேரிங் மூடிகள் எது இடம், எது வலம் என்று குறிக்கப்பட வேண்டும். மாற்றிப் போடவே கூடாது.

கிரவுன் வீலைப் பழைய உறையிலிருந்து கழற்றி எல்எஸ்டியில் ஏற்றுவது நான் மறக்க முடியாத காட்சி. காக்கி புக்கிட் மெக்கானிக் அண்ணன், சோறு வடிக்கும் பெரிய அலுமினியப் பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்க வைத்தார். கிரவுன் வீலைக் கம்பியில் கட்டி உள்ளே இறக்கினார். பத்து நிமிடம் கழித்து வெளியே எடுத்து, ஆவி பறக்கப் பறக்க எல்எஸ்டி மேல் வைத்தார். சுத்தியல் எதுவும் இல்லாமல் தானாகவே வழுக்கி உட்கார்ந்தது. சூட்டில் வளையம் ஒரு மயிரிழை விரிகிறது, ஆறியதும் இறுகிக்கொள்கிறது. அடித்து ஏற்றினால் சாய்ந்து உட்காரும், அந்தச் சாய்வு பின்னால் ஊளையாக வரும். போல்ட்டுகளில் எண்ணெய்ப் பசையே இல்லாமல் துடைத்து, திரெட் லாக் தடவி, எதிரெதிராக, இரண்டு மூன்று கட்டமாக டார்க் ரெஞ்சால் இறுக்கினார்.

அடுத்ததுதான் உயிர்நாடி. எல்எஸ்டி உறையின் கனம் பழைய உறையோடு நூலளவுகூட வேறுபடாமல் இருக்காது. ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு வேறுபட்டாலே கிரவுன் பினியனைக் கடிக்கும் இடம் நகர்ந்துவிடும். அதனால் இரண்டு பக்கமும் வைக்கும் ஷிம்களைப் புதிதாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டு பக்க ஷிம்களின் மொத்தக் கனம் பேரிங்குக்குக் கிடைக்கும் இறுக்கத்தைத் தீர்மானிக்கிறது. இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசம் கிரவுன் எவ்வளவு நெருங்கி நிற்கிறது என்பதைத் தீர்மானிக்கிறது. ஆகவே கிரவுனை நகர்த்த ஒரு பக்கம் எவ்வளவு எடுக்கிறோமோ அவ்வளவை மறுபக்கம் சேர்க்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் இறுக்கம் கெடும்.

பேக்லாஷ் என்பது பினியன் அசையாமல் நிற்கும்போது கிரவுன் எவ்வளவு ஆடுகிறது என்பது. டயல் கேஜின் முனையைக் கிரவுன் பல்லில் வைத்து அளப்பார்கள். டொயோட்டா டிஃப்களில் பொதுவாக 0.13 முதல் 0.18 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பார்கள். உங்கள் காருக்குரிய அளவைப் பழுதுபார்ப்புக் கையேட்டில் பாருங்கள். ஒரே இடத்தில் அளந்துவிட்டு முடிக்கக் கூடாது. வீலைச் சுற்றிச் சுற்றிக் குறைந்தது மூன்று நான்கு இடத்தில் அளக்க வேண்டும். இடத்துக்கு இடம் எண் துள்ளினால் கிரவுன் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது.

எண் சரியாக வந்தாலும் போதாது. பற்களில் மஞ்சள் பசையைத் தடவி, லேசாகத் தடுத்துப் பிடித்துக்கொண்டு சுற்ற வேண்டும். பினியன் எங்கே தொடுகிறதோ அங்கே பசை விலகி ஒரு நீள்வட்டம் தெரியும். அந்த வட்டம் பல்லின் உயரத்தில் நடுவாகவும், நீளத்தில் நடுவிலிருந்து சற்று உள்முனைப் பக்கமாகவும் விழுந்தால் நல்லது. பாரம் ஏறும்போது அது வெளிமுனைப் பக்கம் பரவிப் பல்லை நிறைத்துக்கொள்ளும். உள்முனை ஓரத்துக்கே ஒதுங்கினால் கிரவுனைப் பினியனிலிருந்து கொஞ்சம் தள்ள வேண்டும். வெளிமுனை ஓரத்தில் விழுந்தால் நெருக்க வேண்டும். பல்லின் உச்சியிலோ அடியிலோ விழுந்தால் பினியனின் ஆழமே சரியில்லை. அண்ணன் ஷிம்மை மாற்றி மாற்றி நான்கு தடவை பிரித்து மூட்டினார். மூன்றாவது தடவையே எனக்கு நன்றாகத் தெரிந்தது. “இன்னும் ஒரு தடவை தம்பி, அவசரம் இல்லயே?” என்றார். அன்று மாலை ஆறரைக்குத்தான் அந்த மஞ்சள் பசையில் நடுவாக ஒரு வட்டம் விழுந்தது. அந்தப் படம் இன்னும் என் கைப்பேசியில் இருக்கிறது.

இரண்டு பக்கப் பல்லையும், அதாவது மிதிக்கும்போது தொடும் முகத்தையும் விடும்போது தொடும் முகத்தையும், படம் எடுத்து வாங்கிக்கொள்ளுங்கள். டயல் கேஜ் எண்களை ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள்.

மாட்டும்போது டிரைவ் ஷாஃப்ட்டை நேராக நுழைக்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்தாலும் புது சீலின் உதட்டைக் கிழித்துவிடும். டிஃப் உட்காரும் ரப்பர்களை விட்டுவிட்டு அலுமினியத்தில் போடலாம் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பின்னால் இருக்கும் சத்தமெல்லாம் காருக்குள் வரும். வேலை முடிந்ததும் பின்சக்கரக் கோணத்தையும் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

ஆயிலும் பழக்குவதும்

எல்எஸ்டி தயாரிப்பாளர் சொல்லும் ஆயிலைத்தான் ஊற்ற வேண்டும். ஜிஎல்-5 தரம், பெரும்பாலும் 75டபிள்யூ-140 அல்லது 80டபிள்யூ-140 போன்ற கெட்டியான வகை, எல்எஸ்டிக்கென்று தயாரித்தது. நமக்குக் குளிர்காலம் இல்லாததால் கெட்டி ஆயிலால் தொல்லை இல்லை. 86-க்கு ஒரு லிட்டருக்குச் சற்று மேல் பிடிக்கும். கார் சமமாக நிற்கும்போது நிரப்பும் துளையில் லேசாக வழியத் தொடங்கினால் அளவு சரி.

புதுத் தகடுகள் ஒன்றோடொன்று படிய வேண்டும். தயாரிப்பாளர்கள் பொதுவாகச் சொல்வது எட்டுப் போடுவது: மெதுவாக, முழு ஸ்டீயரிங் திருப்பி, இடமும் வலமுமாக, நடுநடுவே நிறுத்தி ஆறவிட்டு, இருபது முப்பது நிமிடம். பொதுக் கார் நிறுத்துமிடத்தில் எட்டுப் போட்டால் யாராவது போலீஸைக் கூப்பிடுவார்கள், அது நியாயமும்கூட. பட்டறையின் முற்றத்தில் செய்யுங்கள். இல்லையென்றால் தடத்தில் ஓட்டப் போகும் நாளில், அதாவது தட தினத்தன்று, ஏற்பாட்டாளர்களிடம் கேட்டு ஒதுக்குப்புறமாகச் செய்யலாம். எனக்கு இன்னொரு வழியும் கைகொடுத்தது. எங்கள் பேட்டையின் கார் நிறுத்துமிடச் சுழல்பாதையில் ஏறும்போது ஒரு பக்கமாகவும் இறங்கும்போது மறுபக்கமாகவும் திரும்ப வேண்டும். தினமும் மேல்மாடி வரை போய் நிறுத்தினேன். முதல் வாரம் ‘டக் டக்’ சத்தம் பலமாக இருந்தது. இரவு பத்து மணிக்கு மேல் கீழ்த்தளத்திலேயே நிறுத்திக்கொண்டேன், அக்கம்பக்கத்தில் பிள்ளைகள் தூங்கும் நேரம்.

பழக்கி முடித்ததும் ஆயிலைக் கட்டாயம் மாற்றுங்கள். முதல் ஆயில் சாம்பல் நிறத்தில், மினுமினுப்போடு வடியும். வடிக்கும் போல்ட்டின் காந்தத்தில் கரும்பசைபோல ஒரு படலம் ஒட்டியிருக்கும். விரலில் வைத்துத் தேய்த்தால் மாவுபோல இருந்தால் பயமில்லை. நகத்தில் இடறும் துணுக்கு இருந்தால் ஓட்டாதீர்கள், திறந்து பாருங்கள்.

ஓட்டும்போது மாறுவது

ஓப்பன் டிஃபில் ஈரச்சாலையில் அதிகம் மிதித்தால் ஒரு சக்கரம் சுற்றும். மற்றது பிடித்துக்கொண்டு காரை நேராக வைத்திருக்கும். தகட்டு எல்எஸ்டியில் இரண்டும் சேர்ந்தே வழுக்கும். பின்பக்கம் சட்டென்று விலகும். நவம்பர், டிசம்பர் மழையில், விரைவுச்சாலையிலிருந்து இறங்கும் வளைவுகளில் இதை உணர்வீர்கள். கார் வழுக்காமல் பார்த்துக்கொள்ளும் மின்னணு நிலைப்படுத்தும் முறையைச் (ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல்) சாலையில் அணைக்காதீர்கள். முதல் மாதம் காலை மெதுவாகப் பழக்குங்கள்.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று. எல்எஸ்டி உள்ள காரில் ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கிவைத்து எஞ்சினை ஓடவிட்டுக் கியர் போடக் கூடாது. தரையில் இருக்கும் சக்கரத்துக்கு விசை போய் கார் ஜாக்கியிலிருந்து பாய்ந்துவிடும். டயர் மாற்றுகிறவர், வாகனத்தைச் சோதிக்கிறவர், யாரிடம் கொடுத்தாலும் முதலில் இதைச் சொல்லுங்கள்.

செப்பாங்குக்குப் போகும் நாளில் உட்லண்ட்ஸ் அல்லது துவாஸ் சோதனைச்சாவடியில் முக்கால் டேங்க் பெட்ரோல் இருக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். மலேசிய நுழைவு அனுமதி ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். தடத்தில் முதல் சுற்றுகளில் ஒன்பதாம் வளைவைக் கவனியுங்கள். மேடேறும் இடப்பக்கக் கொண்டை ஊசி அது. வழக்கத்தை விடச் சற்றுத் தாமதமாக, ஆனால் ஒரே சீராக மிதித்துப் பாருங்கள். உள்சக்கரத்தின் கீச்சொலி இருக்காது. இரண்டு பக்கமும் சேர்ந்து தள்ளுவது இருக்கையில் தெரியும். பதினைந்தாம் வளைவில் நான் அதை முதல் தடவை உணர்ந்தபோது ஹெல்மெட்டுக்குள் கத்தியே விட்டேன்.

தடத்தில் ஓடிய பிறகு ஆயில் சீக்கிரம் கருகும். நான் இரண்டு தட தினத்துக்கு ஒரு தடவை மாற்றுகிறேன். சாலையில் மட்டும் ஓட்டும் மாதங்களில் இவ்வளவு வேண்டாம். தகடுகள் தேய்ந்து தொடக்க இறுக்கம் குறைந்துவிட்டால் ‘டக் டக்’ சத்தம் தானாகவே காணாமல் போகும், உள்சக்கரக் கீச்சொலி திரும்ப வரும். அப்போது தகடுகளை மாற்ற வேண்டும். முழு எல்எஸ்டியையும் அல்ல.

காரோடு வந்த பழைய டிஃபை விற்றுவிடாதீர்கள். உள்ளே கொஞ்சம் ஆயில் ஊற்றி எல்லாப் பக்கமும் படும்படி உருட்டி, துளைகளை அடைத்து, பிளாஸ்டிக்கில் சுற்றி, காரின் பதிவு எண்ணும் கழற்றியபோது ஓடியிருந்த கிலோமீட்டரும் எழுதி ஒட்டி வையுங்கள். உரிமைச் சான்றிதழ் முடிந்து கார் கழிவுக்குப் போகும் முன் அதைத் திரும்ப மாட்டினால், எல்எஸ்டி பொருத்திய டிஃப் அப்படியே உங்கள் கையில் இருக்கும். அடுத்த 86-க்கு மாட்டலாம். வேறு யாருக்காவது கொடுத்தால் அந்த மஞ்சள் பசைப் படங்களையும் பேக்லாஷ் எண்கள் எழுதிய ரசீதையும் சேர்த்தே கொடுங்கள்.